வீட்டுக்குள் பகிர்தல்: பிரிண்டருக்குக் கிடைத்த விடை, கோப்புக்குக் கிடைக்காத விடை

ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு கணினிகளில் ஒன்றின் கோப்பை மற்றொன்று திறக்கவும், இரண்டும் ஒரே பிரிண்டரில் அச்சடிக்கவும் என்ன ஏற்பாடு வேண்டும்? 40 ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. ஐ.பி.எம்., சன், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்களும், தம் விருப்பத்துக்காக நிரல் எழுதிய தனிமனிதர்களும் மாறி மாறி விடை சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு விடையும் தன் காலத்தில் வேலை செய்தது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு புதிய சிக்கலை விட்டுச்சென்றது. அதனால்தான் வேகமான வைஃபை இருக்கும் வீட்டிலும் பென்டிரைவ் அறைக்கு அறை போய்வருகிறது. பக்கத்து மேசைக்குப் போகவேண்டிய ஆவணம் மின்னஞ்சலில் ஏறி எங்கோ உள்ள சர்வரைத் தொட்டுத் திரும்புகிறது. பயனர்களின் அறியாமையே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றைப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை.

பகிர்தல் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன. நெட்வொர்க்கில் மற்ற சாதனம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று. கேட்பவர் யார், அவரை உள்ளே விடலாமா என்று தீர்மானிப்பது இன்னொன்று. உள்ளே விட்டபின் இரு பக்கமும் ஒன்றையொன்று புரிந்துகொள்வது மூன்றாவது. விண்டோஸ் நெடுங்காலமாகக் கோப்பையும் பிரிண்டரையும் ஒரே அமைப்புக்குள், ஒரே ‘டிக்’ பெட்டிக்குப் பின்னால் வைத்திருப்பதால் இரண்டும் ஒரே சிக்கல் என்ற எண்ணம் படிந்துவிட்டது. உண்மையில் பிரிண்டரின் முதன்மைச் சிக்கல் மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கோப்பின் சிக்கல் இரண்டாவது வகை, அது தீரவில்லை. இரண்டையும் சேர்த்தே அணுகியதுதான் இத்தனை விடைகள் பாதி வழியில் நின்றதற்கு ஒரு பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அலுவலகத்தில் பிறந்த ஏற்பாடு

1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம்.மில் பணியாற்றிய பாரி ஃபைகன்பாம், டாஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் வட்டிலுள்ள கோப்பைத் திறக்க விடுக்கும் அழைப்பை நெட்வொர்க் வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பிவைக்கும் முறையை வடிவமைத்தார். இன்று எஸ்.எம்.பி. என்று அறியப்படும் நெறிமுறையின் வேர் அது. கோப்பு தன் வட்டில் இருக்கிறதா, அடுத்த அறையில் இருக்கிறதா என்பது நிரலுக்குத் தெரியவே வேண்டியதில்லை என்பது அதன் அழகு. அதற்கு அடித்தளமாக நின்ற நெட்பயாஸ், ஒரு சிறு அலுவலகத்தின் அளவை மனத்தில் கொண்டு உருவானது. ஒரு கணினி தன் பெயரை நெட்வொர்க் முழுதும் அறிவிக்கும். யாரும் மறுக்காவிட்டால் அந்தப் பெயர் அதற்கே. சன் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த என்.எஃப்.எஸ். முறை வேறு வழியில் போனாலும் அதே மனப்பான்மையைப் பகிர்ந்துகொண்டது: கேட்கும் கணினி ‘இவர் இன்ன எண்ணுள்ள பயனர்’ என்று சொன்னால், கொடுக்கும் கணினி அதை நம்பியது. எல்லாக் கணினிகளும் ஒரே நிர்வாகியின் கையில் இருந்த இடங்களில் அது நியாயமான நம்பிக்கைதான்.

ஆப்பிளின் கதை சற்று வேறு. 1985இல் வந்த லேசர்ரைட்டர் பிரிண்டரின் விலை 6,995 டாலர். மேசைக்கு ஒன்று வாங்க முடியாத விலை என்பதால், ஆப்பிள்டாக் நெட்வொர்க்கில் பலர் பகிரவேண்டிய பொருளாகவே அது வடிவமைக்கப்பட்டது. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க மொழியைத் தானே புரிந்துகொள்ளும் செயலி அதற்குள் இருந்தது. அதாவது, எந்தக் கணினிக்கும் கட்டுப்படாமல் நெட்வொர்க்கில் சொந்தக் காலில் நின்ற சாதனம் அது. விலை மலிந்தபோது பிரிண்டர் இந்தச் சுதந்திரத்தை இழந்தது. மலிவான இங்க்ஜெட்டுகளும் சிறு லேசர்களும் ஒரே கணினியின் பின்புறத்தில் கேபிளால் கட்டப்பட்டன. பக்கத்தை வரைந்து கொடுக்கும் வேலையும் அந்தக் கணினிக்கே போனது. அந்த நிலையில் பிரிண்டரைப் பகிர்வது என்றால் கணினியைப் பகிர்வது என்றே பொருள்பட்டது. 1992 அக்டோபரில் வந்த ‘விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்’ கோப்பையும் பிரிண்டரையும் ஒரே எஸ்.எம்.பி. பாதையில் அனுப்பியது இந்தச் சூழலில்தான். அன்றைக்கு அது பொருத்தமான முடிவு. அடுத்த கால் நூற்றாண்டுக்கு வீடுகளின் தலையில் அது விழும் என்று அன்று யாரும் கணித்திருக்க முடியாது.

உள்ளே இருப்பவர் நம்மவர்

வீடுகளுக்கு இந்த வசதி பரவலாக வந்தது விண்டோஸ் 95 மூலம். அது எடுத்த நிலைப்பாடு எளிமையானது: நெட்வொர்க்கில் இருப்பவர் நம்மவர். ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் போதும். வேண்டுமானால் படிக்க ஒரு கடவுச்சொல், திருத்த ஒரு கடவுச்சொல். யார் என்ற கேள்வியே எழாது. சொல் தெரிந்தால் வழி உண்டு. இந்த நிலைப்பாட்டுக்கு இன்றும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நான்கு பேர்தானே, வெளியாள் யாருமில்லையே என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நெட்வொர்க்கின் எல்லை வீட்டுச் சுவரோடு முடிகிறது என்ற அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. 1990களின் பிற்பகுதியில் மோடம் வழியே நேராக இணையத்தில் இணைந்த கணினிகளில் அந்த அனுமானம் உடைந்தது. பகிர்ந்த ஃபோல்டர் அடுத்த அறைக்கு மட்டுமல்ல, இணைய முகவரி தெரிந்த எவருக்கும் தெரிந்தது. 2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தம் ஒன்று நிலைமையின் தீவிரத்தைக் காட்டும்: விண்டோஸ் 95, 98, மி ஆகியவற்றில், கடவுச்சொல்லின் நீளம் ஓர் எழுத்து என்று கேட்பவர் சொன்னால், கணினி முதல் எழுத்தை மட்டும் சரிபார்த்து உள்ளே விட்டது.

வீட்டு ரவுட்டர் வந்தபின் இந்த ஆபத்து தீர்ந்துவிட்டது என்பது அடுத்த எதிர்வாதம். 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகளுக்கான ஒதுக்கீடு 1996இல் முறைப்படுத்தப்பட்டது; அவற்றை வெளியிலிருந்து நேரடியாக அடைய முடியாது. 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் ஃபயர்வாலை இயல்பாகவே இயக்கிவைத்தது. இவை பெரிய பாதுகாப்புகள், மறுப்பதற்கில்லை. என்றாலும் தெருக்கதவைப் பூட்டிவிட்டு உள்ளறைகளையெல்லாம் திறந்துபோடுவது போன்ற பாதுகாப்பு இது. ஒருவர் உள்ளே வந்துவிட்டால் பிறகு தடுக்க எதுவுமில்லை. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற பணயநிரல் இதை உலகுக்கே காட்டியது. எஸ்.எம்.பி.யின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியே, யாரும் எதையும் சொடுக்காமலே, ஒரு கணினியிலிருந்து அதே நெட்வொர்க்கிலுள்ள அடுத்ததற்கு அது தாவியது. திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, வெளியாகியிருந்தது, போடாதவர்கள் சிக்கினார்கள். கடன்பெற்ற மடிக்கணினி, விருந்தினரின் கைப்பேசி, மலிவான கேமரா என்று இன்றைய வீட்டு வைஃபையில் சேரும் பொருள்களை எண்ணிப் பார்த்தால், ‘உள்ளே இருப்பவர் நம்மவர்’ என்பதை முழு விடையாக ஏற்பது கடினம்.

பெயரும் கடவுச்சொல்லும்

இரண்டாவது நிலைப்பாடு விண்டோஸ் என்.டி. வழி வந்தது. கேட்பவர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தரவேண்டும். அந்தப் பெயருக்கு எந்த ஃபோல்டரில் என்ன உரிமை என்பது பட்டியலில் இருக்கும். பாதுகாப்பின் நோக்கில் இதுவே சரியானது. அலுவலகத்தில் அது வெற்றிகரமாக ஓடுகிறது, ஏனென்றால் அங்கே பெயர்களை ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்கும் சர்வரும் அதற்கென ஊதியம் பெறும் ஆளும் உண்டு. வீட்டில் ஒவ்வொரு கணினியும் தனித்தனிப் பயனர் பட்டியலை வைத்திருக்கிறது. மூன்று கணினி, நான்கு பேர் என்றால் பன்னிரண்டு கணக்குகள். ஒருவர் ஓரிடத்தில் கடவுச்சொல்லை மாற்றினால் மற்ற இரண்டிலும் மாற்றியாக வேண்டும். இதை யாரும் செய்வதில்லை, செய்ய எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இந்தப் பொருத்தமின்மையை மைக்ரோசாஃப்ட் உணர்ந்தே இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் பதிப்பில், நெட்வொர்க் வழியே வரும் எல்லோரையும் ‘கெஸ்ட்’ என்ற ஒரே விருந்தினர் கணக்காகக் கருதும் எளிய பகிர்வு வைக்கப்பட்டது. அது பழைய நிலைப்பாட்டுக்கே திரும்பியதற்குச் சமம். அதேவேளையில் அந்தத் தலைமுறையில் இன்னொரு பாதுகாப்பும் வந்தது: கடவுச்சொல் இல்லாத கணக்கு அந்தக் கணினியின் முன் அமர்ந்து நுழையலாம், நெட்வொர்க் வழியே நுழைய முடியாது. பாதுகாப்பாளர்கள் இதைச் சரி என்பார்கள்; சரிதான். ஆனால் வீட்டுக் கணினிகள் பலவற்றில் கடவுச்சொல்லே கிடையாது என்பதுதான் நடைமுறை. ஆக, வீட்டில் இயல்பாக இருக்கும் அமைப்பும் பகிர்வு வேண்டும் அமைப்பும் எதிரெதிர். பெயர் சரியாக இருக்கிறது, கணினி தெரிகிறது, ஆனாலும் உள்ளே விடவில்லை என்ற புகாரின் பின்னால் பல சமயம் இருப்பது இந்த ஒரு விதி.

விண்டோஸ் 8 வந்த 2012க்குப் பிறகு சிக்கல் வேறு உருக்கொண்டது. பயனர் நான்கிலக்கப் பின் எண்ணால் கணினிக்குள் நுழைகிறார். கணக்கோ மைக்ரோசாஃப்டின் இணையக் கணக்கு. அடுத்த கணினியிலிருந்து பகிர்வைத் திறக்கும்போது கேட்கப்படுவது பின் எண் அல்ல, அந்த இணையக் கணக்கின் முழுக் கடவுச்சொல். தினமும் தட்டும் எண்ணைத் தட்டிப் பார்த்துத் தோற்றவர், கடைசியில் ‘எல்லோருக்கும் முழு உரிமை’ என்ற அனுமதியைக் கொடுத்து, கடவுச்சொல் பாதுகாப்பையும் அணைத்துவிடுகிறார். இதைப் பயனரின் பிழை என்று எழுதுவது நியாயமாகாது. பாதுகாப்பான வழி புரியாததாகவும் பாதுகாப்பற்ற வழி இரண்டு சொடுக்கில் முடிவதாகவும் இருந்தால் விளைவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப நேராக முயன்றது, 2009இல் விண்டோஸ் 7உடன் வந்த ஹோம்குரூப். வீட்டுக்கு ஒரே கடவுச்சொல். அதை முதல் கணினி தானே உருவாக்கித் தரும். மற்றவை அதை ஒரு முறை தட்டினால் சேர்ந்துவிடும். படங்கள், இசை, பிரிண்டர் என்று பகிரவேண்டியதைத் தேர்ந்தால் போதும். வீட்டை ஓர் அலகாகக் கருதிய கருத்து அது; நான் பார்த்தவரை இந்த வரலாற்றிலேயே கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்ட முயற்சி அதுதான். அதன் பலவீனமும் தெளிவானது. எக்ஸ்பி, விஸ்டா கணினிகள் சேர முடியாது. மேக்கும் லினக்ஸும் சேர முடியாது. கைப்பேசிக்கு இடமே இல்லை. குடும்பத்தின் படங்கள் கைப்பேசிக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் கணினிகள் மட்டுமே சேரக்கூடிய குழு பொருளிழந்தது. 2018 ஏப்ரலில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பில் அது நீக்கப்பட்டது. ஒரே நிறுவனத்தின் எல்லைக்குள் வீடு அடங்காது என்பது அதன் தோல்வி தரும் சான்று. வீடு என்ற அலகே தேவையில்லை என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. அந்த முடிவு கிடைத்த சான்றை மீறிப் போகிறது.

விண்டோஸுக்கு வெளியே நின்றவர்களை உள்ளே கொண்டுவந்த பெருமை சாம்பாவுக்கு உரியது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், நெட்வொர்க்கில் ஓடும் தகவல் பொட்டலங்களைக் கவனித்து நெறிமுறையை ஊகித்து, 1992 ஜனவரியில் முதல் வடிவத்தை வெளியிட்டார். ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2007 டிசம்பரில்தான் மைக்ரோசாஃப்டின் நெறிமுறை ஆவணங்கள் முறைப்படி அந்தக் குழுவுக்குக் கிடைத்தன. வட்டுகளை இணைத்து வைக்கும் இன்றைய நாஸ் பெட்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பது சாம்பாதான். ஆப்பிளும் 2013இல் மேக்கின் இயல்புநிலைப் பகிர்வைத் தன் பழைய முறையிலிருந்து எஸ்.எம்.பி.க்கு மாற்றியது. ஆகவே கோப்பைப் பொறுத்தவரை மொழிச் சிக்கல் தீர்ந்துவிட்டது எனலாம். எஞ்சியது யார் என்ற கேள்வி.

கண்ணில் படாத கணினி

கண்டுபிடித்தலின் வரலாறு சுருக்கமாகச் சொல்லத் தக்கது, ஏனென்றால் அதற்கு நல்ல விடை இருக்கிறது. பழைய ‘நெட்வொர்க் நெய்பர்ஹுட்’ பட்டியலை, கணினிகள் தமக்குள் தேர்தல் நடத்தித் தேர்ந்த ஒரு கணினி பராமரித்தது. உறுப்பினர்கள் 12 நிமிடத்துக்கு ஒரு முறை தம் இருப்பை அறிவித்தன. மூன்று அறிவிப்பு தவறினால்தான் பெயர் நீங்கும். துணைப் பட்டியல்களுக்கு அந்தச் செய்தி போய்ச்சேர இன்னும் கால் மணி நேரம் ஆகலாம். அணைத்த கணினி 51 நிமிடம் வரை பட்டியலில் நீடித்தது இப்படித்தான். இதற்கு மாற்றாக, ஆப்பிள்டாக்கின் எளிமையை இணைய நெறிமுறைக்குக் கொண்டுவர ஸ்டூவர்ட் செஷையர் முதலானோர் உழைத்தார்கள். ஒவ்வொரு சாதனமும் தன் பெயரையும் சேவையையும் தானே அறிவிக்கும் அந்த முறை 2002இல் மேக்கில் வந்தது. 2013இல் இணையத் தரமாக வெளியானது. விண்டோஸ், விஸ்டா காலத்தில், டபிள்யூ.எஸ். டிஸ்கவரி என்ற வேறு முறையைத் தேர்ந்தது. எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு நீக்கப்பட்டபோது அதைச் சார்ந்திருந்த பழைய பட்டியலும் போயிற்று. இரண்டு புதிய முறைகளும் தனித்தனியே நிற்க, சாம்பா ஓடும் பெட்டி விண்டோஸின் பட்டியலில் தெரியாமல் போனது. பெட்டி போய்விட்டது என்று பதறவேண்டியதில்லை: அதன் எண் முகவரியைத் தட்டினால் திறக்கும்.

இங்கே இருப்பது தொழில்நுட்பத்தைவிட வீட்டு அமைப்பின் சிக்கல். இந்த அறிவிப்புகள் ஒரே உட்பிணையத்துக்குள்தான் கேட்கும். ஃபைபர் இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் பெட்டி ஒன்று, வீட்டார் கடையில் வாங்கிப் பொருத்திய வைஃபை ரவுட்டர் ஒன்று என்று இரண்டும் முகவரி வழங்கினால், ஒரே கூரையின் கீழ் இரண்டு நெட்வொர்க்குகள் உருவாகும். பிரிண்டர் ஒன்றிலும் கணினி மற்றொன்றிலும் இருந்தால் ஒன்றுக்கு மற்றது தெரியாது. இரண்டாவது பெட்டியை அக்சஸ் பாயின்ட்டாக மாற்றுவது அதற்குத் தீர்வு. விருந்தினர் வைஃபையில் சாதனங்கள் ஒன்றையொன்று காணாதபடி தடுத்திருப்பதும், விண்டோஸில் வீட்டு இணைப்பு ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருப்பதும் இதே விளைவைத் தரும். பகிர்வு அமைக்கத் தொடங்குபவர் கடவுச்சொல்லைத் தொடுமுன் இந்த மூன்றையும் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிரிண்டர் பிரிந்த பாதை

பிரிண்டரின் தொல்லை டிரைவரில் இருந்தது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு டிரைவர், ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒரு பதிப்பு. கணினி வழியே பிரிண்டரைப் பகிர்ந்தபோது, கேட்கும் கணினிக்கு டிரைவரையும் சேர்த்து அனுப்பும் வசதியை விண்டோஸ் வைத்திருந்தது. அடுத்த கணினியிலிருந்து வரும் நிரலை உயர்ந்த உரிமையோடு நிறுவுவது என்பதே அதன் பொருள். 2021 ஜூலையில் வெளிப்பட்ட பிரிண்ட்நைட்மேர் என்ற பலவீனம் அந்த வசதி எவ்வளவு ஆபத்தானது என்று காட்டியது. மைக்ரோசாஃப்ட் ஆகஸ்டில் டிரைவர் நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும் என்று மாற்றியது. செப்டம்பர் அப்டேட்டுக்குப் பின், ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த பல பகிர்வுகள் 11பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றுபோயின. பாதுகாப்பைத் தளர்த்திப் பழையபடி ஓடவைக்கும் ரெஜிஸ்ட்ரி மாற்றங்கள் பரவின. அந்தத் தீர்வைப் பரிந்துரைப்பது பொறுப்பாகாது என்றே தோன்றுகிறது.

இதற்கிடையில் வேறொரு பாதை அமைதியாக வளர்ந்திருந்தது. ஐ.பி.பி. என்ற அச்சு நெறிமுறை 1999இல் முதல் வடிவம் பெற்றது. அதே ஆண்டு மைக்கேல் ஸ்வீட் உருவாக்கிய கப்ஸ் அச்சு அமைப்பு அதன் மேல் நின்றது. ஆப்பிள் அதை 2002இல் மேக்கில் சேர்த்தது, 2007இல் அதன் மூல நிரலை வாங்கியது. 2010 நவம்பரில் ஐபோனுக்கு ஏர்பிரிண்ட் வந்ததுதான் திருப்புமுனை. கைப்பேசியில் மாடலுக்கு ஒரு டிரைவர் நிறுவ வழியில்லை. ஆகவே பொதுமொழியைப் பிரிண்டரே கற்கவேண்டியதாயிற்று. 2013இல் கேனான், ஹெச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் ஆகியவை சேர்ந்து, கைப்பேசியிலிருந்து அச்சடிப்பதற்கான மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கின. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டும், நிறுவனங்களின் தனி டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாகக் குறைத்து ஐ.பி.பி.க்கு மாறும் திட்டத்தை அறிவித்தது. 1985இன் லேசர்ரைட்டர் நின்ற இடத்துக்குப் பிரிண்டர் திரும்பியிருக்கிறது: கணினிக்குப் பின்னால் அல்ல, நெட்வொர்க்கில் தனியாக. அதைப் ‘பகிர’ இனி எந்தக் கணினியும் விழித்திருக்கத் தேவையில்லை.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லவேண்டும். முதலாவது, எல்லா வீட்டிலும் வைஃபை பிரிண்டர் இல்லை என்பது. உண்மை. இந்தியாவில் நெடுங்காலம் பரவலாக விற்ற கேனான் எல்.பி.பி. 2900க்கு யு.எஸ்.பி. மட்டுமே உண்டு, பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைக் கணினி டிரைவரிடம் விடும் வகை அது. அப்படிப்பட்ட பிரிண்டருக்கு ஒரு கணினியோ, கப்ஸ் ஓடும் ராஸ்பெரி பை போன்ற சிறு பெட்டியோ இடையில் நிற்கத்தான் வேண்டும். அதற்கும் டிரைவர் கிடைத்தாக வேண்டும். இயங்கும் பிரிண்டரைத் தூக்கியெறியச் சொல்வது பதிலாகாது. ஆனால் வாங்கும் வேளையில் நெட்வொர்க் வசதியுள்ள மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, பின்னால் வரும் பல மணி நேர அலைச்சலின் விலை என்று பார்ப்பது தகும். இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு பற்றியது. 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிடெல்லி வெளியிட்ட ஆய்வு, லினக்ஸில் பிரிண்டர்களைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் கப்ஸ் துணைநிரல், போலிப் பிரிண்டர் ஒன்றையும் நம்பிச் சேர்த்துவிடும் என்று காட்டியது. யாரும் எதையும் அமைக்காமலே ஓடும் வசதிக்குக் கொடுக்கும் விலை அது. என்றாலும் இந்த ஓட்டை குறிப்பிட்ட நிரலின் பழைய அறிவிப்பு முறையில் இருந்தது. அதை நிறுத்தினால் அடைபடும். டிரைவரையே அனுப்பும் பழைய ஏற்பாட்டின் ஆபத்து வடிவமைப்பிலேயே இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

தனிப் பெட்டியும் வெளிச் சர்வரும்

கோப்புக்கும் இதே வழி ஏன் வாய்க்கவில்லை? கோப்பையும் கணினியிலிருந்து பிரித்துத் தனிப் பெட்டியில் வைத்தால் போகிறது என்ற எண்ணம் பழையது. 2007இல் வந்த விண்டோஸ் ஹோம் சர்வர் பத்துக் கணினி வரை ஒரே பெட்டியில் காப்புப்பிரதி எடுத்து வைத்தது. தொடக்கத்தில் கோப்புகளைச் சிதைத்த ஒரு பிழை அதன் நற்பெயரைக் கெடுத்தது. 2008 ஜூலையில் திருத்தம் வந்தாலும், 2011 பதிப்போடு தொடர் முடிந்தது. அந்த இடத்தை நாஸ் பெட்டிகள் பிடித்தன. பயனர் பட்டியல் ஒரே இடத்தில் இருக்கும் என்பது அவற்றின் பெரும் நன்மை. ஆனால் பெட்டி தனியாகிவிட்டதே தவிர, யாருக்கு எது என்று எழுதும் வேலை தீரவில்லை. அதைச் செய்ய வீட்டில் ஒருவர் நிர்வாகியாக வேண்டும். அந்த ஒருவர் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் வட்டுகள், அப்டேட் நின்றுபோன மாடல்கள், தொலைவிலிருந்து அழிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயநிரல், இணையத்துக்குத் திறந்துவிடப்பட்ட க்யூநாப் பெட்டிகளைப் பூட்டியது. பிரிண்டர் பறிபோனால் ஒரு பொருள் போகிறது. இருபது ஆண்டுப் படங்கள் போனால் ஈடு கிடையாது. கோப்பின் கேள்வி கடினமானதாக இருப்பதற்கு இதுவே அடிப்படை.

எல்லாவற்றையும் இணையச் சேமிப்பில் வைப்பதே தீர்வு என்பவர்கள் இன்று பெரும்பான்மையாக இருக்கலாம். அடையாளச் சிக்கலை அது உண்மையிலேயே தீர்க்கிறது: ஒவ்வொருவருக்கும் எங்கும் செல்லும் ஒரு கணக்கு, ‘இவரோடு பகிர்’ என்ற ஒரே கட்டளை. அதன் வெற்றிக்குக் காரணம் வட்டின் அளவோ வேகமோ அல்ல, இதுதான். வேகத்தில் அது பின்தங்கியே இருக்கிறது. 4 ஜி.பி. வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் ஏற்றவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அடுத்த அறையில் இறக்க இன்னும் ஐந்து நிமிடம். கிகாபிட் கேபிளில் நேரடியாக அனுப்பினால் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் படங்களுக்கே போதாமல் போகலாம். சேவை நிற்கும் ஆபத்தும் கற்பனையல்ல: பிரிண்டர்களை இணையம் வழியே இணைத்த கூகுள் கிளவுட் பிரின்ட் 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. இன்னொன்றும் உண்டு. அந்தக் கணக்கு தனிமனிதருடையது. குடும்பத்தின் பொதுக்கோப்புகள் யாரோ ஒருவரின் கணக்கில்தான் தங்குகின்றன, அவர் கணக்கு முடங்கினால் எல்லோருடையதும் முடங்குகிறது.

இந்த இரண்டு துருவங்களுக்கு நடுவில் மூன்றாவது ஒரு போக்கு உருவாகியிருக்கிறது. இதற்கு இன்னும் போதிய கவனம் கிடைக்கவில்லை. ஏர்டிராப், குயிக் ஷேர், எல்லா இயங்குதளத்திலும் ஓடும் லோக்கல்சென்ட் ஆகியவை ஒரு கோப்பை ஒரு முறை கையளிப்பதோடு நின்றுவிடுகின்றன. ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் திரையில் பார்த்து ஏற்கிறார். நிரந்தர அனுமதி எதுவும் மிஞ்சுவதில்லை. வீட்டில் பகிர்வு என்று சொல்லப்படும் தேவைகளில் கணிசமானவை இப்படிக் கையளிப்பதாகவே இருக்கலாம். அப்படியானால் ஃபோல்டர் அனுமதிகளோடு போராடியவர்களில் பலர் தமக்குத் தேவையற்ற கருவியைப் பயன்படுத்தினார்கள் என்றாகிறது. 2013இல் வந்த சிங்திங் இன்னும் ஒரு படி போகிறது: ஆளின் பெயரை விட்டுவிட்டு, சாதனத்தின் மறைக்குறியீட்டுச் சாவியை அடையாளமாகக் கொண்டு, சர்வரில் எதையும் வைக்காமல் இரண்டு சாதனங்களின் ஃபோல்டர்களை ஒத்திசைக்கிறது. ஓரிடத்தில் அழித்தது மற்ற இடத்திலும் அழியும் என்பதால் அதைக் காப்புப்பிரதியாக எண்ணிவிடக் கூடாது.

இன்றைய நிலையும் திறந்திருக்கும் கேள்வியும்

கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், இன்று வீட்டில் பகிர்வு அமைப்பவருக்குச் சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். பிரிண்டரைக் கணினி வழியே பகிராமல் நேராக ரவுட்டரோடு இணைத்து, முகவரி மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி, ஐ.பி.பி. வழியே எல்லாச் சாதனங்களிலும் சேர்ப்பது நல்லது. கோப்புக்கு, நிரந்தரமாகப் பொதுவில் இருக்கவேண்டியதையும் ஒரு முறை கையளிக்கவேண்டியதையும் முதலில் பிரிக்கவேண்டும். பொதுவானதற்கு, கோப்பை வைத்திருக்கும் கணினியில் பகிர்வுக்கென்றே கடவுச்சொல்லோடு ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, மற்றச் சாதனங்கள் எல்லாவற்றிலும் அதையே கொடுக்கலாம். பின் எண் குழப்பத்தையும் வெற்றுக் கடவுச்சொல் தடையையும் இது ஒருசேரத் தாண்டுகிறது. அந்தக் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுப்பது மேலும் நல்லது, ஏனெனில் ஒரு கணினியில் பணயநிரல் நுழைந்தால் அது எழுத முடிந்த பகிர்வுகளையும் பூட்டும். எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பைப் பழைய சாதனத்துக்காக மீண்டும் இயக்குவதைத் தவிர்க்கவேண்டும். 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பின் ப்ரோ வகை, விருந்தினர் நுழைவை மறுத்து, தகவல் கையொப்பத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறது. இதனால் கடவுச்சொல் இல்லாத பழைய நாஸ் பெட்டிகள் திடீரென மறுக்கப்படலாம். பெட்டியில் ஒரு கணக்கை உருவாக்குவதே அதற்கு முறையான பதில்.

இவை அலுவலகத்துக்கான கருவியை வீட்டுக்கு ஏற்றபடி வளைக்கும் வழிகள்தாம். ‘பகிர்வுக்கென ஒரு கணக்கு’ என்பது ஹோம்குரூப் செய்ய முயன்றதைக் கையால் செய்வது. வீட்டின் உறுப்பினர் யார், எந்தச் சாதனம் யாருடையது, விருந்தினர் எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதை விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, லினக்ஸ் எல்லாம் ஒருமித்துப் புரிந்துகொள்ளும் கோப்புப் பகிர்வுத் தரம் எதுவும் புழக்கத்துக்கு வரவில்லை. நடைமுறையில் வைஃபை கடவுச்சொல்தான் குடும்ப உறுப்பினர் சீட்டாக இருக்கிறது, அது விருந்தினருக்கும் தெரிந்த சொல். அப்படியொரு தரம் முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற வீட்டுச் சாதனத் தரத்தில், ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் ஆகிய போட்டியாளர்கள், ஒரே வீட்டுச் சாதனத்தைப் பல நிறுவனங்களின் செயலிகள் சான்றிதழ் வழியே சேர்ந்து ஆளும் முறைக்கு உடன்பட்டிருக்கிறார்கள். விளக்கு, பூட்டு, வெப்பநிலைக் கருவி ஆகியவை அதன் வரம்பில் வருகின்றன, கோப்பு வரவில்லை. கோப்பையும் அப்படிச் சேர்க்க முனைந்தால், விளக்கில் எழாத கேள்விகள் எழும்: வளர்ந்த பிள்ளையின் ஃபோல்டரைப் பெற்றோர் திறக்கலாமா, வீட்டை விட்டுப் பிரிந்துபோகிறவர் பொதுப் படங்களில் எதை எடுத்துச்செல்லலாம், நிர்வாகியாக இருந்தவர் இல்லாமல் போனால் சாவி யார் கைக்கு மாறவேண்டும். இவற்றை நெறிமுறை எழுதும் பொறியாளர்கள் மட்டும் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்காமல் எந்த நெறிமுறையும் வீட்டுக்கு முழுதாகப் பொருந்தப்போவதுமில்லை.